விறகு அடுக்கில் கிடந்த சட்டை: சாரையா, நல்ல பாம்பா?

கேள்வி: கொல்லைப்புற விறகு அடுக்கில் ஐந்தடி நீளப் பாம்புச் சட்டை கிடந்தது. வெளிறிப்போய் இருக்கிறது. எந்தப் பாம்பு என்று கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: வால் பகுதி கிழியாமல் இருந்தால் முடியும். நிறத்தைத் தேட வேண்டாம். அது பெரும்பாலும் உயிர்த்தோலிலேயே தங்கிவிடும். செதிலைப் பாருங்கள். மீன் செதில் தோலில் பதிந்த தனித்தனித் தகடு. கத்தியால் சுரண்டினால் ஒவ்வொன்றாக வந்துவிடும். பாம்பின் செதிலோ ஒரே மேல்தோலின் மடிப்பு. நம் தோல் தினமும் தூளாக உதிர்கிறது, ஓணானுக்குத் துண்டு துண்டாக உரிகிறது. பாம்புக்கு மட்டும் கண்ணை மூடிய கண்ணாடிச் செதில் உட்பட முழுசாகக் கழல்கிறது. மடிப்புகள் விரிவதால் சட்டை நீளும். உங்கள் பாம்பு ஐந்தடிக்குக் குறைவுதான்.

கையுறை போட்டு, வெதுவெதுப்பான நீரில் 10 நிமிடம் ஊறவிட்டு, வெள்ளைத்தாளில் விரியுங்கள். காய்ந்ததை அப்படியே பிரித்தால் நொறுங்கும். பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

முதலில் கழிவுத்துளையை மூடும் கடைசி வயிற்றுச் செதில். சாரைக்கு அது இரண்டாகப் பிளந்திருக்கும்; நல்ல பாம்புக்கு ஒரே தகடு. அடுத்து, உடலின் நடுவில் ஒரு பக்க வயிற்றுத் தகட்டின் ஓரத்திலிருந்து மறுபக்க ஓரம்வரை சாய்வாக முதுகுச் செதில்களை எண்ணுங்கள். சாரைக்குப் பெரும்பாலும் 16 அல்லது 17, நல்ல பாம்புக்கு 21 முதல் 25. பலர் தவறுவது இங்கேதான்: படம் விரியும் கழுத்தில் வரிசை கூடும், வால் பக்கம் குறையும்.

முதுகின் நடுவரிசை மட்டும் பெரிய அறுகோணமாக இருந்து, வாலடிச் செதில்கள் பிளவுபடாமலும் இருந்தால் கட்டுவிரியன். கண்ணாடி விரியனுக்கு, வயிற்றுத் தகட்டை ஒட்டிய கடைசி வரிசை தவிர, முதுகுச் செதில்களில் மேடு உண்டு. சட்டை உள்பக்கம் வெளியே புரண்டு கிடப்பதால் அது பள்ளமாகத் தெரியும். கடைசித் தகடு பிளவுபடாததாலேயே நஞ்சுள்ளது என்று முடிவுகட்ட வேண்டாம், மலைப்பாம்புக்கும் அப்படித்தான்.

சட்டை மிருதுவாக, ஈரப்பசையோடு இருந்தால் அண்மையில் உரித்தது. காற்றோ கோழியோ இழுத்திருக்காவிட்டால், வால்நுனி நீட்டியிருக்கும் பக்கம்தான் பாம்பு போன பக்கம். அங்கே பொந்து இருந்தால் டார்ச் அடித்துப் பாருங்கள், கையை விடாதீர்கள்.