மங்கிய ஹெட்லைட்: பற்பசையா, கிட்டா, புதுசா?

கேள்வி: கார் வாங்கி ஒன்பது வருஷம் ஆகிறது. ஹெட்லைட் இரண்டும் மஞ்சள் பூத்து, பால் தெளித்த மாதிரி மங்கிவிட்டன. பற்பசை தேய்த்தாலே போதும் என்கிறார் நண்பர். மெக்கானிக்கோ 'செட்டையே மாத்திடுங்க' என்கிறார். கடையில் விற்கும் கிட் வாங்கி நானே செய்து பார்க்கலாமா?

பதில்: எதையும் வாங்குவதற்கு முன் ஒரு குவளைத் தண்ணீரை விளக்கின் மேல் ஊற்றிப் பாருங்கள். நனைந்திருக்கும்போது தெளிந்து, காயக் காய மறுபடி மங்கினால் நல்ல சேதி. பழுது வெளிப்பரப்பில்தான் இருக்கிறது; கையாலேயே சரிசெய்துவிடலாம். நனைத்தும் மங்கல் அசையவில்லை என்றால் அது உள்பக்கத்திலோ பிளாஸ்டிக்கின் ஆழத்திலோ இருக்கிறது. வெளியே எவ்வளவு தேய்த்தாலும் கைவலிதான் மிச்சம்.

விளக்கின் முன்மூடி கண்ணாடி இல்லை, பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக். கல் பட்டால் லேசில் உடையாது, எடையும் குறைவு. ஆனால் வெயிலும் ஆகாது, கீறலும் ஆகாது. அதனால்தான் தொழிற்சாலையிலேயே மேலே மெல்லிய, கெட்டியான பூச்சு ஒன்று பூசி அனுப்புகிறார்கள். வருஷக்கணக்கில் வெயில் பட்டு அந்தப் பூச்சு திட்டுத்திட்டாக உரிய, அடியில் இருக்கும் பிளாஸ்டிக் மஞ்சளாகிறது. விளக்கின் மேல் விளிம்பை உற்றுப் பாருங்கள். வானத்தைப் பார்த்தபடி இருப்பதால் பெரும்பாலும் அங்கேதான் நிலைமை படுமோசம். பூச்சு போன இடத்துக்கும் இன்னும் ஒட்டியிருக்கும் இடத்துக்கும் நடுவே ஒரு கோடு ஓடும். சில வண்டிகளில் அது நகத்துக்கே தட்டுப்படும்.

உங்கள் நண்பர் பொய் சொல்லவில்லை. பற்பசையில் நைஸான தேய்ப்புத் துகள் இருக்கிறது. மேலாக உள்ள அழுக்கையும் லேசான மஞ்சளையும் எடுத்துவிடும். என் பழைய வண்டிக்கு நானும் செய்து பார்த்தவன்தான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பளபளவென்று இருந்தது, இரண்டே மாதத்தில் பழைய கோலம். போன பூச்சுக்குப் பதிலாக எதையும் பூசாமல் விட்டால் வெயில் மறுபடி வேலையைக் காட்டத்தானே செய்யும்? துரு எடுக்கும் ஸ்பிரே அடிப்பது இதைவிட அற்பம். எண்ணெய்ப் படலம் மங்கலை மறைக்கும், நாலு முறை கழுவினால் போய்விடும். கொசு விரட்டி பூசச் சொல்கிறவர்களிடம் மட்டும் காது கொடுக்காதீர்கள். அதிலிருக்கும் டீட் என்ற ரசாயனம் பிளாஸ்டிக்கின் மேல்தோலையே இளக்கித்தான் அந்த மினுக்கைக் கொடுக்கிறது. சொட்டினால் பெயின்டும் கெடும்.

ஆகவே கிட் வாங்குவதென்றால் பெட்டியின் முன்பக்கத்துப் படத்தைப் பார்க்காதீர்கள், உள்ளே என்ன இருக்கிறது என்று படியுங்கள். பல நம்பர்களில் வாட்டர் பேப்பரும் (தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்; நம்பர் கூடக் கூட நைஸ்), கடைசியில் பூசப் புறஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சும் இருக்க வேண்டும். பாலிஷ் மட்டும் உள்ள பெட்டி, விலை கூடின பற்பசை. அவ்வளவுதான். இரண்டு திரவம் கலந்து அடிக்கும் கிளியர் கோட் இன்னும் கெட்டியாக நிற்கும், ஆனால் அதன் புகை நுரையீரலுக்கு ஆகாது. அதைப் பெயின்டரிடம் விடுவது நல்லது.

வேலை இப்படி. விளக்கைச் சுற்றி மாஸ்கிங் டேப்பை இரண்டு அடுக்காக ஒட்டுங்கள். ஒரே அடுக்கு ஒட்டி, பானெட் ஓரத்தைத் தேய்த்துவைத்த அனுபவம் எனக்கு உண்டு. சோப்புத் தண்ணீர் விட்டு 800-இல் ஆரம்பித்து 1500, 2000, 3000 என்று போங்கள். முதல் பேப்பரில் வழிகிற குழம்பு மஞ்சளாக இருக்கும். அது வெள்ளையாக மாறும் வரை அடுத்த நம்பருக்குப் போகக் கூடாது. பலர் சொதப்புவது இங்கேதான். இந்தக் கட்டத்தில் விளக்கு முன்பைவிட அசிங்கமாகத் தெரியும், பயப்படாதீர்கள். ஒரு நம்பரைக் கிடைவாக்கில் தேய்த்தால் அடுத்ததை நெடுக்குவாக்கில் தேயுங்கள். முந்தைய கோடுகள் மிச்சமிருந்தால் கண்ணுக்குத் தெரிந்துவிடும். பூச்சு பூசப்போகிறீர்கள் என்பதால் 3000-க்குப் பிறகு கண்ணாடி மாதிரி மின்ன வேண்டியதில்லை, மெல்லிய கோடுகளைப் பூச்சே நிரப்பிவிடும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, நிழலில் ஒரே திசையில் பூசுங்கள். தின்னரோ அசிட்டோனோ வேண்டாம். பாலிகார்பனேட்டில் மயிரிழை மாதிரி விரிசல் விடும்.

மெக்கானிக் சொன்னதிலும் நியாயம் உண்டு. அமெரிக்க வாகன ஓட்டிகள் அமைப்பான ஏஏஏ 2018-இல் சோதித்துப் பார்த்தது. வெயிலில் மங்கிய விளக்கு, புதிது தரும் வெளிச்சத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் தந்தது. தேய்த்துச் சீராக்கியபின் சுமார் 70 சதவீதம் வந்தது. தெருவிளக்கில்லாத சாலையில் தினமும் இரவில் ஓட்டுகிறவர் என்றால் அந்த மிச்ச முப்பதுக்காகவே மாற்றலாம். மாற்றினால் பீம் செட்டிங்கையும், அதாவது வெளிச்சம் சரியான உயரத்தில் விழுகிறதா என்பதையும், பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் விளக்கில் மங்கல் இல்லை, கல் பட்ட கீறல் ஒன்றுதான். போகுமா?

பதில்: நகத்தைக் குறுக்கே ஓட்டுங்கள். நகம் மாட்டாவிட்டால் போகும். மாட்டினால், தேய்த்தாலும் ஓரங்கள்தான் மழுங்கும், பள்ளம் அப்படியே இருக்கும். அதைத் துரத்திக்கொண்டு ஒரே இடத்தில் தேய்த்தால் அங்கே குழி விழுந்து வெளிச்சம் கோணும். ஒரு கீறலுக்காக நல்ல பூச்சையெல்லாம் உரிப்பதை நான் செய்யமாட்டேன்.

கேள்வி: வண்டியைக் கழுவியபின் விளக்குக்குள்ளே நீராவி படிகிறது. புது விளக்கு, வாரன்டி இருக்கிறது. கேட்கலாமா?

பதில்: விளக்கு முழுக்க அடைபட்ட பெட்டி இல்லை, மூச்சு விடத் துளை உண்டு. லேசான படலம் விளக்கைப் போட்டதும் மறைந்தால் அது குறை இல்லை. அடியில் தண்ணீர் தேங்கினாலோ நாள்கணக்கில் துளி நின்றாலோ முதலில் பின்னால் பல்பு மூடி சரியாக உட்கார்ந்திருக்கிறதா பாருங்கள். அது சரியென்றால் சீல் விட்டிருக்கும். படம் எடுத்து வைத்துக்கொண்டு வாரன்டியில் கேளுங்கள். நீங்களே பிரித்துவிட்டுப் போனால் வாரன்டி பேச்சே எடுபடாமல் போகலாம்.

கேள்வி: மங்கின விளக்கிலேயே 100 வாட் பல்பு போட்டால் சரியாகிவிடாதா?

பதில்: ஆகாது. மங்கல் வெளிச்சத்தைச் சிதறடிக்கிறது. வெளிச்சத்தைக் கூட்டினால் சிதறலும் கூடும், எதிரே வருகிறவருக்குக் கண் கூசும். 55, 60 வாட்டுக்குச் செய்த ஹோல்டரும் ஒயரும் அந்தச் சூட்டில் உருகவும் கூடும்.