அடிக்குறிப்பும் ஒரு சாய்ந்த புள்ளியும்

அன்புள்ள ஐயா,

அந்தரங்க உரிமை பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். அந்த உரிமைக்கு விதை 1890இல் ஹார்வர்டு லா ரிவ்யூ என்ற அமெரிக்கச் சட்ட ஆய்விதழில் வந்த ஒரு கட்டுரை என்றும், அந்த இதழை நடத்துவது மாணவர்கள் என்றும் போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். எனக்கு அங்கேயே நின்றுவிட்டது. முப்பது வருடம் கல்லூரியில் இயற்பியல் நடத்தியவன் நான். எங்கள் துறையில் ஒரு கட்டுரை அச்சேற வேண்டுமானால், அதே துறையில் ஊறிய இரண்டு பேராவது படித்துக் குடைந்தெடுக்க வேண்டும். என் மகள் இப்போது அமெரிக்காவில் ஒரு சட்டப் பள்ளியில் இரண்டாம் வருடம். போன் செய்தால், "அடிக்குறிப்பு சரிபார்க்கிறேன்பா, அப்புறம் பேசறேன்" என்கிறாள். அங்கே அப்போது இரவு இரண்டு மணி. யாரோ ஒரு பேராசிரியரின் கட்டுரைக்கு இவள் ஏன் கண்விழிக்க வேண்டும்? சம்பளமும் இல்லையாம். பேராசிரியரைத் திருத்த மாணவிக்கு என்ன தகுதி? விட்டுவிடச் சொல்லலாமா?

எஸ்., கோயம்புத்தூர்

அன்புள்ள எஸ்.,

நீங்கள் நினைப்பதைவிட நிலைமை மோசம். உங்கள் மகள் இப்போது திருத்த மட்டும்தான் செய்கிறார். அடுத்த வருடம் ஆசிரியர் குழுவில் இடம் கிடைத்தால், எந்தப் பேராசிரியரின் கட்டுரை அச்சேறலாம் என்று தீர்மானிப்பதும் அவராக இருக்கலாம்.

அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற சட்டப் பள்ளிகள் கிட்டத்தட்ட 200. அநேகமாக ஒவ்வொன்றுக்கும் ஒரு லா ரிவ்யூ. பெரிய பள்ளி என்றால் அதோடு இன்னும் பல இதழ்கள். சிலவற்றைத் தவிர எல்லாம் மாணவர் கையில். ஒரு பட்டம் வாங்கியபின் படிக்கும் மூன்று வருடப் படிப்பு அது. முதல் வருடம் முடிந்ததும் மதிப்பெண்ணையும் ஓர் எழுத்துப் போட்டியையும் வைத்து இதழுக்கு ஆள் எடுப்பார்கள். ஆக, ஒரு வருடம் சட்டம் படித்தவர்கள் உள்ளே வருகிறார்கள், இரண்டு வருடம் படித்தவர்கள் தேர்வு செய்கிறார்கள்.

தேர்வு நடக்கும் விதம் உங்களுக்கு இன்னும் அதிர்ச்சி தரும். இயற்பியலில் ஒரே கட்டுரையை இரண்டு இதழுக்கு அனுப்பினால் மானம் போய்விடும். இங்கே ஒரே நாளில் நாற்பது, ஐம்பது இதழுக்கு அனுப்புவார்கள். நடுத்தர இதழ் ஒன்று சரி என்றதும் மேலே உள்ள இதழுக்கு எழுதுவார்கள்: "வெள்ளிக்கிழமைக்குள் அங்கே பதில் சொல்ல வேண்டும், நீங்கள் முந்துகிறீர்களா?" கையில் ஒரு வரனை வைத்துக்கொண்டு பெரிய இடத்துக்கு ஆள் அனுப்புகிற வேலைதான். வந்து குவியும் கட்டுரைகளுக்கு நடுவில் இருபத்துநாலு வயதுப் பிள்ளை என்ன செய்யும்? எழுதியவர் எந்தப் பள்ளியில் இருக்கிறார் என்று முதலில் பார்க்கும். இந்த அமைப்பின் பெரிய ஓட்டை இதுதான் என்பது என் எண்ணம்.

ஆனால் ஏன் இப்படி என்றால், இது பேராசிரியர்களின் ஆய்வை வெளியிடப் பிறந்த இதழே இல்லை. 1870இல் ஹார்வர்டு சட்டப் பள்ளிக்குத் தலைவரான லாங்டெல், பாடப் புத்தகத்தை ஒதுக்கிவிட்டுத் தீர்ப்புகளையே கையில் கொடுத்துக் கேள்வி கேட்டுக் குடைகிற முறையைக் கொண்டுவந்தார். அப்படிப் படித்த மாணவர்கள் 1887இல் தொடங்கியதுதான் ஹார்வர்டு லா ரிவ்யூ. பயிற்சிப் பட்டறைதான் முதலில் வந்தது. பேராசிரியர்களின் பதவி உயர்வு பிற்பாடு அதன் தலையில் ஏறி உட்கார்ந்தது. நான்கு வருடம் கழித்து, 1891இல், நம் மயிலாப்பூர் வக்கீல்கள் மெட்ராஸ் லா ஜர்னலைத் தொடங்கினார்கள். தொழில் செய்கிறவர்கள் தொழில் செய்கிறவர்களுக்காக நடத்தியது அது. அமெரிக்காவில் அந்த இடத்தில் மாணவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள்.

1890இல் அந்தரங்க உரிமை பற்றி எழுதிய வாரனும் பிராண்டைஸும்கூடப் பேராசிரியர்கள் இல்லை. பாஸ்டனில் ஒன்றாக வக்கீல் தொழில் பார்த்தவர்கள். 28 பக்கம்தான் கட்டுரை. சட்டென்று படமெடுக்கும் கேமராவும் ஊர்வம்பு பேசும் பத்திரிகையும் வந்துவிட்டன, மனிதனைத் தன்பாட்டில் இருக்கவிடச் சட்டத்தில் வழி உண்டா என்பது கேள்வி. 1902இல் நியூயார்க்கில் ஓர் இளம்பெண்ணின் படத்தை அவர் அனுமதி இல்லாமலே மாவு விளம்பரத்தில் போட்டு 25,000 பிரதி அடித்தார்கள். அந்த மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றம் வாரன், பிராண்டைஸ் கட்டுரையைப் பார்த்த பிறகும் அப்படி ஓர் உரிமை இல்லை என்றது. ஊரே கொதித்தது, அடுத்த வருடம் சட்டமன்றம் சட்டம் போட்டது. 1905இல் ஜார்ஜியாவில் ஓர் ஓவியரின் படத்தைக் காப்பீட்டு விளம்பரத்தில் போட்டபோது, அங்கே நீதிமன்றமே உரிமை உண்டு என்றுவிட்டது.

அந்தக் கட்டுரையின் உயிர்நாடியான சொல், 'தன்பாட்டில் விடப்படும் உரிமை'. 1994இல் ஆட்டோ சங்கரின் சுயசரிதையை நக்கீரன் வெளியிடலாமா என்ற வழக்கில் நம் உச்ச நீதிமன்றமும் அதே சொல்லைத்தான் எடுத்தாண்டது. ஒரு வேடிக்கை என்னவென்றால், சொல் வாரன், பிராண்டைஸுடையது அல்ல. தாமஸ் கூலி என்ற அமெரிக்க நீதிபதியின் நூலிலிருந்து எடுத்தது. அதைப் பெயர் சொல்லி, ஒழுங்காக அடிக்குறிப்பும் போட்டிருந்தார்கள்.

அடிக்குறிப்பு என்றதும் உங்கள் மகளின் இரவு இரண்டு மணி. அங்கே நான் ஒரு வருட எல்எல்எம் படித்தபோது, அறைத்தோழன் இரண்டாம் வருட மாணவன், இதழில் இருந்தான். எங்களைப் போல ஒரு வருடத்துக்கு வருகிறவர்களைப் பொதுவாக இதில் சேர்க்க மாட்டார்கள். நான் காபி போட்டுக் கொடுத்துவிட்டு வேடிக்கை பார்த்தவன். ஒரு கட்டுரையில் அவன் பங்குக்கு முப்பது அடிக்குறிப்பு வரும். ஒவ்வொன்றுக்கும் மூல நூலையே கையில் எடுக்க வேண்டும், இணையத்தில் யாரோ தட்டச்சு செய்தது போதாது. பக்கம் சரியா, மேற்கோளில் ஒரு காற்புள்ளி விட்டிருக்கிறதா, எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தப் பக்கம் உண்மையில் அப்படிச் சொல்கிறதா.

ஒரு ராத்திரி அவன் சிரித்த சிரிப்பில் எழுந்துவிட்டேன். ஒரு பழைய ஆங்கிலேய வழக்கில் நீதிமன்றம் இப்படித் தீர்ப்பளித்தது என்று பேராசிரியர் எழுதியிருந்தார். இவன் அந்தக் காலத்துத் தொகுப்பைத் தேடி எடுத்துப் பார்த்தால், அந்த வாக்கியம் நீதிபதி சொன்னதே இல்லை. அந்தத் தொகுப்புகளில் வக்கீல்களின் வாதத்தையும் சேர்த்து அச்சடித்திருப்பார்கள். பேராசிரியர் எடுத்துப் போட்டிருந்தது தோற்ற வக்கீலின் வாதம்! உங்கள் இயற்பியல் இதழில் நரைத்த தலை இரண்டும் இதைக் கண்டுபிடித்திருக்குமா? கருத்தை அளக்க அவர்களால் முடியும். ஆனால் முப்பது அடிக்குறிப்புக்கு முப்பது நூலைத் திறந்து பார்க்க அவர்களுக்கு நேரமேது? பேராசிரியரைத் திருத்த மாணவிக்கு என்ன தகுதி என்று கேட்டீர்களே, நூலைத் திறந்து பார்க்கும் பொறுமைதான்.

கிறுக்குத்தனமும் நிறைய உண்டு, மறைப்பானேன். மேற்கோள் காட்டும் முறைக்கு ப்ளூபுக் என்று ஒரு விதிநூல். 1926இல் 26 பக்கமாக வந்தது, ஒரு கட்டத்தில் 500 பக்கத்தைத் தாண்டிவிட்டது. 'மேற்படி' என்று நாம் எழுதுகிற இடத்தில் அவர்கள் 'இட்.' என்று போடுவார்கள். அந்தச் சொல் சாய்வெழுத்து, அதன் பின்னால் வரும் புள்ளியும் சாய்வெழுத்து. ஆம், புள்ளி! சாய்ந்த புள்ளிக்கும் நிமிர்ந்த புள்ளிக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கத் திரையைப் பெரிதாக்கி மூக்கை ஒட்டிக்கொண்டு அவன் உட்கார்ந்திருந்த கோலம் இன்னும் கண்ணில் நிற்கிறது. நீதிபதி போஸ்னர் இந்த நூலை ஒழித்துக்கட்ட 1986இலிருந்து எழுதிப் பார்த்தார். நடக்கவில்லை.

எழுதுகிறவர்களும் சும்மா இல்லை. 1987இல் பங்குச் சந்தைச் சட்டத்தின் ஒரே ஒரு பிரிவைப் பற்றி 4,824 அடிக்குறிப்போடு ஒருவர் எழுதினார். நீளம் தாங்காமல் 2005இல் முன்னணி இதழ்கள் சேர்ந்து, 40 முதல் 70 பக்கத்துக்குள் எழுதுங்கள் என்று கேட்டுக்கொண்டன. அந்த இதழில் 70 பக்கம் என்றால் ஏறத்தாழ 35,000 சொல், நம்மூரில் ஒரு சின்ன நாவல்.

நீதிபதிகளின் குறை வேறு. 1992இல் நீதிபதி ஹாரி எட்வர்ட்ஸ், சட்டப் பள்ளி ஒரு பக்கமும் சட்டத் தொழில் வேறு பக்கமும் போகின்றன என்று வருத்தப்பட்டு எழுதினார். 2011இல் அமெரிக்கத் தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் அதையே கேலியாகச் சொன்னார்: எந்த லா ரிவ்யூவை எடுத்தாலும் முதல் கட்டுரை, பதினெட்டாம் நூற்றாண்டு பல்கேரியாவின் சாட்சிய விதிகளில் ஜெர்மன் தத்துவவாதி இம்மானுவேல் கான்ட்டின் தாக்கம் என்பதுபோல இருக்கிறது, வக்கீலுக்கு அதில் என்ன இருக்கிறது என்று. அதன் பின் ஓரின் கெர் என்ற பேராசிரியர் அதே தலைப்பில் ஒரு குட்டிக் கட்டுரை எழுதி 2015இல் வெளியிட்டார். பல்கேரியா அன்று துருக்கியரின் ஒட்டோமான் ஆட்சியில் இருந்தது, கான்ட்டின் தாக்கம் அநேகமாகச் சுழியம் என்பது அவர் முடிவு. அடிக்குறிப்போடுதான்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். விட்டுவிடச் சொல்லாதீர்கள். இதழில் இருந்தவர்களைப் பெரிய வக்கீல் நிறுவனங்களும், உதவியாளர் எடுக்கும் நீதிபதிகளும் தேடுவார்கள் என்பது அங்கே எல்லோரும் சொல்லும் காரணம். அது உண்மைதான், ஆனால் எனக்குச் சுவாரசியமில்லாத காரணம். இதழில் சேரும் மாணவர்கள் தாங்களும் ஒரு கட்டுரை எழுத வேண்டும், 'நோட்' என்பார்கள். 2017 ஜனவரியில் யேல் லா ஜர்னலில் ஒரு மாணவி எழுதிய நோட் வந்தது. விலை குறைந்தால் நுகர்வோருக்கு லாபம், ஆகவே ஏகபோகப் பிரச்சினை இல்லை என்ற பழைய அளவுகோல் அமேசான் போன்ற நிறுவனத்தை அளக்க உதவாது என்பது வாதம். அந்த மாணவி லீனா கான். நான்கே வருடத்தில், தன் 32ஆம் வயதில், ஏகபோகங்களைக் கண்காணிக்கும் அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையத்தின் தலைவரானார். 2023இல் அந்த ஆணையம் அமேசான் மீது வழக்குப் போட்டது. அந்த நோட்டின் அடிக்குறிப்புகளையும் யாரோ நாலு மாணவர்கள் ராத்திரி கண்விழித்துத்தான் சரிபார்த்திருப்பார்கள்.

அடுத்த முறை போனில், எத்தனை மணிக்குத் தூங்குகிறாய் என்று கேட்காதீர்கள். உன் நோட் எதைப் பற்றி என்று கேளுங்கள். உங்களுக்கு நேரம் இருந்தால் வரைவை அனுப்பச் சொல்லிப் படித்து, இயற்பியல்காரர் கண்ணோடு நாலு கேள்வி கேளுங்கள்; அந்த இதழில் கிடைக்காதது அதுதான். புள்ளி சாய்ந்திருக்கிறதா என்பதை மட்டும் அவரிடமே விட்டுவிடுங்கள்.