ஆயில் கூலர்: காற்று உள்ளே வந்தால் போதாது, வெளியேயும் போக வேண்டும்

பெங்களூரிலிருந்து சென்னை அருகே இருக்கும் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குக்கு டிராக் டே (சொந்தக் காரை டிராக்கில் ஓட்டும் நாள்) போகும் நம் நண்பர்கள், எஞ்சின் ஆயிலைக் காற்றால் குளிர்விக்கும் ஆயில் கூலர் பற்றி நிறையக் கேட்டிருந்தார்கள். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். கேட்டவரின் பகுதியும் காரும் மட்டும் இருக்கிறது.

ஜீவன்பீமா நகர், ஹோண்டா சிட்டி: அண்ணா, நாலைந்து லேப்பில் ஆயில் பிரஷர் இறங்குகிறது. கூலர் போட்டால் சரியாகுமா?

எப்படி இறங்குகிறது என்று முதலில் பாருங்கள் தம்பி. நீண்ட வளைவில் முள் சட்டென்று விழுந்து, நேர்ப்பாதைக்கு வந்ததும் ஏறிவிட்டால் அது சூட்டினால் வருவது அல்ல. எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கும் சம்பில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி, அதை உறிஞ்சும் பிக்கப் குழாய் காற்றை இழுக்கிறது. அதற்கு சம்புக்குள் தடுப்புத் தகடு வேண்டும், கூலர் உதவாது. எஞ்சினையே காவு வாங்கும் விஷயம் இது, தள்ளிப் போடாதீர்கள்.

அதே ஆர்.பி.எம்.மில் ஒவ்வொரு லேப்பிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தால் ஆயில் சூடாகி நீர்த்துப்போகிறது. அப்போதும் கூலர் வாங்குவதற்கு முன் ஆயில் டெம்பரேச்சர் மீட்டர் வாங்குங்கள். டேஷ்போர்டில் இருப்பது தண்ணீரின் சூடு. தண்ணீர் 90 டிகிரியில் அமைதியாக நிற்கும்போதே ஆயில் 135-ஐத் தொட்டிருக்கலாம். டிராக்கில் 100 முதல் 120 வரை நல்ல நிலை. 130-ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் கூலர் தேவை. 115-இல் வந்து நின்றுவிட்டால், அந்தப் பணத்தில் நல்ல பிரேக் பேட் வாங்குங்கள்.

எச்.எஸ்.ஆர். லேஅவுட், போலோ: நந்தி மலைக்கு ஏறிப் பார்த்தேன், ஆயில் 105-ஐத் தாண்டவில்லை. டிராக்குக்கும் இது போதும்தானே?

போதாது. மலையேற்றத்தில் ஆக்சிலரேட்டரை முழுதாக மிதிப்பது சில விநாடிகள்தான். இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர், 12 வளைவுகள். பிரேக் பிடிக்காத நேரமெல்லாம் முழு மிதி. அதையே இருபது நிமிடம் செய்கிறீர்கள்.

வானிலைக் கணக்கையும் சேர்த்துப் பாருங்கள். ஆயிலுக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள வெப்ப வித்தியாசத்துக்கு ஏற்பத்தான் கூலர் சூட்டை வெளியே தள்ளும். ஆயில் 120, இங்கே காற்று 25 என்றால் வித்தியாசம் 95. அங்கே காற்று 38 என்றால் 82. கூலரின் திறனில் ஏழில் ஒரு பங்கு அங்கேயே போய்விட்டது. நம் ஊர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருப்பதால் காற்றும் மெலிசு. கீழே போனால் அடர்ந்த காற்று கூலருக்குக் கொஞ்சம் லாபம்தான். ஆனால் டர்போ இல்லாத எஞ்சினும் அதே காற்றைக் குடித்துக் கூடுதல் சக்தியும் கூடுதல் சூடும் தரும். இரண்டும் ஏறக்குறைய சரிக்குச் சரியாகிவிடும். வெப்ப வித்தியாசத்தில் வந்த நஷ்டம் அப்படியே நிற்கும். அதனால் பெங்களூரில் எடுத்த அளவை வைத்து சென்னைக்கு முடிவு எடுக்காதீர்கள்.

விவேக் நகர், ஸ்விஃப்ட்: ரேடியேட்டருக்கு முன்னால் மாட்டினால் போதுமா? பெரிய கூலராகவே வாங்கிவிடலாமா?

ரேடியேட்டருக்கு முன்னால் மாட்டுவது சுலபம், காற்றும் வரும். ஆனால் கூலர் சூடாக்கிய காற்றுதான் பின்னால் ரேடியேட்டருக்குப் போகும். ஆயிலின் சூடு இறங்கி, தண்ணீரின் சூடு ஏறும். இடமே இல்லையென்றால் ஒரு ஓரமாக, இரண்டுக்கும் நடுவே இடைவெளி விட்டு மாட்டுங்கள். என் விருப்பம் பம்பரின் ஓரத்தில், ஃபாக் லேம்ப் ஓட்டைக்குப் பின்னால்.

பெரிய கூலர் என்று எல்லோரும் ஆசைப்படுகிறார்கள். காற்று ஒழுங்காக ஓடும் 13 வரிசைக் கூலர் (வரிசை என்பது ஆயில் ஓடும் குழாய் அடுக்கு), பம்பருக்குப் பின்னால் சும்மா தொங்கும் 25 வரிசைக் கூலரை விட நன்றாக வேலை செய்யும். பணத்தை டக்டில், அதாவது காற்றைக் கூலருக்குக் கொண்டுவரும் குழாயில் போடுங்கள்.

அல்சூர், ஹோண்டா சிட்டி: அந்த டக்டை எப்படிச் செய்வது அண்ணா? கூலர் முகத்தின் அளவுக்கே முன்னால் ஓட்டை போட வேண்டுமா?

எல்லோரும் இதைத்தான் கேட்டிருக்க வேண்டும்.

அவ்வளவு பெரிய ஓட்டை வேண்டாம். கூலர் முகத்தின் பரப்பில் நாலில் ஒன்று முதல் மூன்றில் ஒன்று வரை போதும். சின்ன வாயில் வேகமாக நுழையும் காற்று, டக்ட் மெல்ல விரிய விரிய வேகம் குறைந்து அழுத்தமாக மாறும். அந்த அழுத்தம்தான் காற்றை கூலரின் ஃபின்களுக்கு (மெல்லிய தகடுகளுக்கு) நடுவே தள்ளுகிறது. சட்டென்று விரித்தால் காற்று சுவரை விட்டுப் பிரிந்து சுழலும். எனவே இடம் இருக்கும் அளவுக்கு நீளமாக, சாய்வாக விரியுங்கள்.

அடுத்தது அடைப்பு, அதாவது ஓர இடைவெளிகளை மூடுவது. காற்று எப்போதும் சுலபமான வழியைத்தான் தேடும். கூலர் ஃபின் அதற்குக் கஷ்டமான வழி. ஓரத்தில் இருக்கும் ஒரு விரல் இடைவெளி சுலபமான வழி. டக்ட் கூலரின் நாலு ஓரத்திலும் ஒட்டி உட்கார வேண்டும். ஃபோம் பட்டை ஒட்டி அழுத்துங்கள், ஃபாக் லேம்ப் ஓட்டையின் ஓரத்திலும் அப்படியே. நான் பார்த்த டக்டுகளில் பாதிக்கு மேல் குறை இங்கேதான்.

மூன்றாவது, பலர் மறந்துவிடுவது, வெளியேறும் வழி. கூலருக்குப் பின்னால், சக்கரத்தைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் ஃபெண்டர் லைனர் மூடியிருந்தால், முன்னால் எவ்வளவு அழகாக டக்ட் செய்தாலும் காற்று நகராது. லைனரில் உள்ளே வரும் வாயை விடப் பெரிய ஜன்னல் வெட்டி, கல் உள்ளே வராதபடி வலை போடுங்கள். ஸ்டியரிங்கை இரு பக்கமும் கடைசி வரை திருப்பி டயர் எங்கும் உரசவில்லை என்று உறுதி செய்யுங்கள்.

முதலில் அட்டையில் வெட்டிப் பொருத்திப் பாருங்கள். சரியாக உட்கார்ந்த பிறகு அதே அளவில் 1 மி.மீ. அலுமினியத் தகட்டில் மடித்து பாப் ரிவெட் அடிக்கலாம். பீன்யா தொழிற்பேட்டையில் அட்டை மாதிரியைக் கொடுத்தால் தகடு மடித்துத் தரும் பட்டறைகள் உண்டு.

மெதுவான வளைவுகளில் பயன் குறையும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். வேகம் பாதியானால் முன்னால் கிடைக்கும் காற்றழுத்தம் நாலில் ஒன்றாகிவிடும். கோயம்புத்தூர் கரி ஸ்பீட்வே மாதிரிச் சின்ன டிராக்கில் ஓட்டுபவர்களுக்கு நல்ல அடைப்பு இன்னும் முக்கியம்.

ஸ்ரீராம்புரம், பலேனோ: தெர்மோஸ்டாட் தேவையா சார்?

ஆயில் சூடாகும் வரை அதைக் கூலருக்கு விடாத வால்வுதான் அது. டிராக்குக்கு காரை ஓட்டிக்கொண்டே போகிறவர் என்றால் கட்டாயம். டிசம்பர் விடியற்காலையில் கிளம்பி 300 கிலோமீட்டர் நெடுஞ்சாலையில் போகும்போது ஆயில் 70-இலேயே கிடந்தால் அதில் சேரும் ஈரம் ஆவியாகாது. சுமார் 80 டிகிரியில் திறக்கும் தெர்மோஸ்டாட் உள்ள சான்ட்விச் பிளேட் (எஞ்சினுக்கும் ஆயில் ஃபில்டருக்கும் நடுவே பொருந்தி, ஆயிலைக் கூலருக்கு அனுப்பும் தகடு) வாங்குங்கள்.

கோரமங்களா, போலோ: பொருத்தும்போது எதில் கவனம் வேண்டும்?

கூலரை பாடியில் நேராக போல்ட் போட்டு இறுக்காதீர்கள். அதிர்வில் பிராக்கெட் வெல்டிங் விரிசல் விடும். ரப்பர் புஷ் வைத்துத் தொங்கவிடுங்கள். ஹோஸ் வாய்கள் மேலே அல்லது பக்கவாட்டில் இருக்கட்டும். கீழே இருந்தால் மேல் வரிசைகளில் காற்று சிக்கிக்கொள்ளும்.

ஆயில் ஃபில்டர் மரையை அளந்த பிறகே சான்ட்விச் பிளேட் வாங்குங்கள். ஹோண்டாவில் எம்20, 1.5 பிட்ச். முக்கால் இஞ்ச், ஒரு இஞ்சுக்கு 16 மரை என்று இன்னொன்று உண்டு. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், கையில் ஓரிரு சுற்று ஏறவும் செய்யும். அப்படியே இறுக்கினால் மரை போய்விடும்.

ஹோஸ் எக்ஸாஸ்ட் பக்கம் போகக் கூடாது, கூர்மையான தகட்டிலும் உரசக் கூடாது. சிதறும் ஆயில் சூடான எக்ஸாஸ்டில் பட்டால் தீ; சொந்த டயரில் பட்டால் அடுத்த வளைவில் கார் நிற்காது; டிராக்கில் சிந்தினால் பின்னால் வருபவருக்கும் ஆபத்து. ஆயிலுக்கென்றே செய்த ஹோஸும் ஃபிட்டிங்கும் மட்டும் போடுங்கள். இந்த இடத்தில் சிக்கனம் வேண்டவே வேண்டாம்.

சிவாஜிநகர், எஸ்டீம்: குஜிலியில் (பழைய பொருள் சந்தையில்) பழைய கூலர் மலிவாகக் கிடைக்கிறது, வாங்கலாமா?

வேண்டாம் தம்பி. பேரிங் போன எஞ்சினில் இருந்து கழற்றியதாக இருந்தால் உலோகத்தூள் வரிசைகளுக்குள் தங்கியிருக்கும். எத்தனை முறை கழுவினாலும் முழுதாக வராது. அது உங்கள் பேரிங்குக்குப் போகும்.

மாரத்தஹள்ளி, ஸ்விஃப்ட்: மாட்டிவிட்டேன். ஸ்டார்ட் செய்யலாமா?

உடனே வேண்டாம். ஃபியூயல் பம்ப் ஃபியூஸைக் கழற்றிவிட்டு, பிரஷர் முள் எழும் வரை ஸ்டார்ட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாக, இடைவெளி விட்டுச் சுற்றுங்கள். பிறகு ஃபியூஸைப் போட்டு ஸ்டார்ட் செய்து, ஒவ்வொரு ஃபிட்டிங்கையும் டார்ச் அடித்துப் பாருங்கள். தெர்மோஸ்டாட் இருந்தால் ஆயில் 90-ஐத் தொடும் வரை ஓடவிடுங்கள். அதற்கு முன் கூலர் முழுதாக நிரம்பியிருக்காது. அப்புறம் அணைத்து, சில நிமிடம் கழித்து டிப்ஸ்டிக் பார்த்து, குறைந்த அளவை ஊற்றுங்கள். கூலரும் ஹோஸும் சேர்ந்து அரை லிட்டருக்கு மேலும் குடிக்கும். டிராக்கில் முதல் இரண்டு லேப் மெதுவாக ஓட்டிவிட்டு பிட்டுக்கு வந்து, கீழே குனிந்து இன்னொரு முறை பாருங்கள்.