செயற்குழுவில் ஓர் இடம் – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு,

வணக்கம். அரசு மேல்நிலைப் பள்ளியொன்றில் 12 ஆண்டுகளாகக் கணிதம் கற்பித்து வருகிறேன். எங்கள் மாவட்டக் கணித ஆசிரியர் சங்கத்தின் செயற்குழுவில் சேரும்படி மூத்த ஆசிரியர்கள் கேட்கிறார்கள். ஊதியமோ படியோ இல்லாத பொறுப்பு. ‘உரிமைக்குப் போராட இயக்கங்கள் இருக்கும்போது இது எதற்கு? ஞாயிற்றுக்கிழமையும் போய்விடும்’ என்கிறார் என் கணவர். இத்தகைய சங்கமொன்றில் நீங்கள் செயலாளராக இருந்ததாக முன்பு எழுதியிருந்தீர்கள். நான் ஒப்புக்கொள்ளலாமா?

(பெயரைத் தவிர்க்கும்படி கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள ஆசிரியைக்கு,

ஒப்புக்கொள்ளுங்கள். ஆனால் குழுவில் உங்களுக்கு என்ன வேலை என்பதைக் கேட்டறிந்த பிறகு ஒப்புக்கொள்ளுங்கள்.

உங்கள் கணவர் சொல்லும் இயக்கங்கள் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. 2003 ஏப்ரல் முதல் பணியில் சேர்ந்தவர்களுக்கும் பழைய ஓய்வூதியம் வேண்டும் என்று ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ-ஜியோ நடத்திய போராட்டங்கள் நியாயமானவை. ஆனால் ஒரு பின்னத்தை இன்னொரு பின்னத்தால் வகுக்கும்போது ஏன் தலைகீழாக்கிப் பெருக்குகிறோம் என்று ஒரு குழந்தை கேட்டால் என்ன விடை சொல்வது என்பதை அந்த மேடைகளில் பேசிக்கொண்டிருக்க முடியாது. அதைப் பேசுவதற்கென்றே பாட ஆசிரியர் சங்கங்கள் தோன்றின. சென்னையிலிருந்து இயங்கும் இந்தியக் கணித ஆசிரியர் சங்கம் 1965இல் தொடங்கப்பட்டது. அதை உருவாக்கியவர்களுள் ஒருவரான பி.கே.சீனிவாசன் முத்தியால்பேட்டை உயர்நிலைப் பள்ளியின் ஆசிரியர். ராமானுஜனின் கடிதங்களையும் அவரை அறிந்தவர்களின் நினைவுகளையும் தேடித் திரட்டி 1968இல் அந்தப் பள்ளி வழியாகவே வெளியிட்டவரும் அவர்தான். ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் இதழ்கள், மாணவர்களுக்குத் திறன் போட்டி என்று அந்தச் சங்கம் செய்துவருபவை யாவும் பாடத்தின் மீதுள்ள பற்றினால் நடப்பவை.

ஆனால் பற்று மட்டும் ஒரு சங்கத்தை நடத்திவிடாது என்பதை நான் என் தவறு ஒன்றினால்தான் அறிந்தேன். நான் செயலாளராக இருந்த சிறிய சங்கத்தில் ஓர் ஆண்டு புதிய பொருளாளரைத் தேர்ந்தெடுத்தோம். கூட்டம் முடிய இருட்டிவிட்டது. எல்லோருக்கும் பேருந்தைப் பிடிக்கும் அவசரம். தேர்வை ஒருமனதாகக் கைதட்டி ஏற்றுக்கொண்டோமே தவிர, தீர்மானப் புத்தகத்தில் அதை எழுதிக் கையொப்பம் வாங்க வேண்டிய நான் ‘நாளை எழுதிக்கொள்ளலாம்’ என்று விட்டுவிட்டேன். சில வாரங்களிலேயே பழைய பொருளாளர் மாறுதல் கலந்தாய்வில் வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டார். ரசீது புத்தகங்களும் அவருடைய பெட்டிகளோடு போயின. வங்கிக் கணக்கோ அவரும் நானும் சேர்ந்து கையெழுத்திட வேண்டிய கணக்கு. பெயரை மாற்றத் தீர்மானத்தின் நகல் வேண்டும் என்று வங்கியில் கேட்டார்கள். எழுதப்படாத தீர்மானத்துக்கு நகல் ஏது? மறுபடியும் கூட்டம் கூட்டி, ரசீதுகளை வரவழைத்து, சந்தாத் தொகையைப் பெயர் பெயராகச் சரிபார்த்து முடிக்க எட்டு மாதங்கள் ஆயின. இடையில் வந்த மாணவர் கண்காட்சிக்கான பரிசுகளை ஓர் இளம் ஆசிரியை தம் சொந்தப் பணத்தில் வாங்கினார். அதில் எவரும் ஒரு ரூபாயைக்கூடத் தவறாக எடுக்கவில்லை. ஆனாலும் அந்த எட்டு மாதங்களில் ஊரில் பேச்சு எழுந்தது. அந்தப் பேச்சினால் மனம் நொந்து நல்ல உறுப்பினர்கள் சிலர் விலகினார்கள். அதற்கு நானே பொறுப்பு.

ஆகவே, சேர்ந்த முதல் கூட்டத்திலேயே தீர்மானப் புத்தகத்தையும் வரவு செலவுக் கணக்கையும் படித்துக் காட்டச் சொல்லுங்கள். புதியவர் கேட்டால் எவரும் தவறாக எண்ண மாட்டார்கள். ஓராண்டு கழித்துக் கேட்டால் சந்தேகப்படுவதாக நினைப்பார்கள். குழு உறுப்பினர் என்று பெயர் மட்டும் கொடுக்காமல், உறுப்பினர் பட்டியல், மாதாந்திரப் பாட அமர்வு என ஏதாவது ஒன்றை உங்கள் பொறுப்பாகக் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், செயற்குழு உறுப்பினரின் பதவிக்காலம் 3 ஆண்டுகளுக்கு மேற்படக் கூடாது என்கிறது. ஆனால் மீண்டும் தேர்ந்தெடுக்கத் தடையில்லாததால், பல சங்கங்களில் அதே பெரியவர்கள் ஓய்வுபெற்ற பின்னும் பல ஆண்டுகள் தொடர்கிறார்கள். அவர்களுடைய உழைப்பைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. அவர்கள் இல்லாவிட்டால் பல சங்கங்கள் என்றோ மூடப்பட்டிருக்கும். எனினும் இன்றைய பாடநூலின் எந்தப் பக்கத்தில் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரிய வழியில்லை. அது காலையில் வகுப்புக்குப் போய்வந்த உங்களுக்குத்தான் தெரியும். உங்களை அவர்கள் அழைத்திருப்பதை நான் மகிழ்ச்சியோடு காண்பது இதனால்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றி உங்கள் கணவர் கவலைப்படுவதும் சரியே. மாதம் ஒரு ஞாயிறு, அதுவும் பொதுத்தேர்வுக் காலத்தில் இல்லை என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மூன்று ஆண்டுகள் முடியும்போது உங்கள் வேலையை ஏற்கத்தக்க ஒருவரை ஓராண்டு முன்பிருந்தே உடன் வைத்துப் பழக்குங்கள். நான் அதைச் செய்யாமல் வந்துவிட்டேன். எனக்குப் பின் ஈராண்டுகள் அந்தச் சங்கத்தில் பாட அமர்வே நடக்கவில்லை.

பின்ன வகுத்தல் பற்றி எப்போதாவது ஓர் அமர்வு வைத்தால் எனக்கு எழுதுங்கள். வந்து கேட்க விரும்புகிறேன்.

அன்புடன்.