கல்லூரிச் செலவில் கட்டணம் பாதிகூட இல்லை

கேள்வி: என் மகள் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டாள். உடனே சேர ஒரு வேலை தயாராக இருக்கிறது. நான்கு வருடப் பட்டப்படிப்புக்குக் கல்லூரியில் இடமும் கிடைத்திருக்கிறது. வேலையில் மாதச் சம்பளம் 100 என்று வைத்துக்கொண்டால், கல்லூரிக் கட்டணம் வருடத்துக்கு 1,000. முழுவதையும் 10% வட்டிக்குக் கடன் வாங்கித்தான் கட்ட வேண்டும். அங்கே படித்தவர்களுக்குச் சராசரிச் சம்பளம் 200 என்கிறார்கள். இரண்டு மடங்கு வருமானத்துக்கு 4,000 செலவழிப்பது லாபம்தானே?

பதில்: செலவு 4,000 அல்ல. புத்தகம், பயணம், தேர்வுக் கட்டணம் என்று நான்கு வருடத்தில் 600 சேர்த்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டைச் சேர்க்க வேண்டாம், வேலைக்குப் போனாலும் அவர் சாப்பிடத்தான் போகிறார். விடுதியில் தங்கினால், வீட்டில் ஆவதைவிடக் கூடுதலாக ஆகும் தொகை மட்டுமே கணக்கில் வரும்.

பெரிய தொகை இனிமேல்தான். வேலைக்குப் போயிருந்தால் முதல் வருடம் 1,200 வந்திருக்கும். ஆண்டுக்கு 5% உயர்வு என்றால் நான்கு வருடத்தில் 5,172. இது கையைவிட்டுப் போகும் பணம். ஆக மொத்தச் செலவு 9,772. விடுமுறையில் சம்பாதிக்க முடிந்தால் அதைக் கழித்துக்கொள்ளலாம்.

வரவிலும் ஒரு பிசகு இருக்கிறது. பட்டதாரியின் 200-ஐ இன்றைய 100-உடன் ஒப்பிடக் கூடாது. நான்கு வருட அனுபவத்துக்குப் பிறகு அந்த வேலையிலேயே சம்பளம் 121 தாண்டியிருக்கும். எனவே உண்மையான வித்தியாசம் மாதம் 78, வருடத்துக்குச் சுமார் 940. போட்ட பணம் திரும்ப, பட்டம் வாங்கிய பிறகு பத்து வருடத்துக்கு மேல் ஆகும். அதன் பிறகும் முப்பது வருடம் உழைக்கும் வயது இருப்பதால் இது நல்ல முதலீடுதான். ஆனால் ஆரம்பச் சம்பளம் 160 என்றால் அதே கணக்கு 21 வருடமாக நீள்கிறது.

ஆகவே எல்லாம் அந்த 200-ஐப் பொறுத்தது. எனக்கு அந்த எண் மீதுதான் சந்தேகம். பத்து பேரில் ஒன்பது பேர் 120 வாங்கி, ஒருவர் மட்டும் 900 வாங்கினால் சராசரி 198 வந்துவிடும்! பொய் ஒன்றும் இல்லை, ஆனால் உங்கள் மகள் அந்த ஒன்பதில் ஒருவராக இருக்கவே வாய்ப்பு அதிகம். அப்போது கல்லூரிக்குப் போகாதவரைவிட ஒரு காசுகூட அதிகமில்லை. கல்லூரியிடம் சராசரியைக் கேட்காதீர்கள். அவர் சேரும் துறையில் கடைசியாக வெளியேறிய மாணவர்களின் சம்பளத்தை ஏறுவரிசையில் அடுக்கினால் நடுவில் நிற்பது எது, வேலை கிடைக்காதவர்களும் அந்த வரிசையில் உண்டா, சேர்ந்தவர்களில் எத்தனை பேர் நான்கே வருடத்தில் முடித்தார்கள் என்று கேளுங்கள். மழுப்பினால் அதையே பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைசிக் கேள்வியைப் பலர் கேட்பதில்லை. மூன்று வருடம் படித்து நிறுத்தினால், முக்கால்வாசிப் படிப்புக்கு முக்கால்வாசிப் பலன் என்று கிடைத்துவிடாது. வேலை கொடுப்பவரால் நேரில் அளக்க முடியாத திறமைக்குப் பட்டம் ஓர் அடையாளமாகச் செயல்படுகிறது என்று பொருளாதார அறிஞர் மைக்கேல் ஸ்பென்ஸ் 1973இல் எழுதினார். பாதிப் படிப்புக்கு அந்த அடையாளம் இல்லை, கடன் மட்டும் அப்படியே நிற்கும். முடிப்பதற்கு 60% வாய்ப்பு, நிறுத்தினால் பாதிச் செலவோடு போகும் என்று வைத்தால், 200 சம்பளத்திலும் போட்ட பணம் திரும்ப ஆகும் பத்து வருடம் கிட்டத்தட்ட பதினான்காகிவிடும்.

இனி கடன். வருடத் தொடக்கத்தில் 1,000 வீதம் வாங்கி, படிக்கும்போது வட்டி கட்டாமல் விட்டால், பட்டம் வாங்கும் நாளில் பாக்கி 5,105. பத்து வருடத் தவணை மாதம் சுமார் 67, அதாவது 200 சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு. 120 சம்பளத்தில் பாதிக்கு மேல். தவணையைப் பதினைந்து வருடமாக நீட்டினால் மாதச் சுமை 55 ஆகக் குறையும், ஆனால் மொத்தமாகக் கட்டுவது 9,900-ஐ நெருங்கும். படிக்கும் காலத்திலேயே வட்டியைக் கட்டிவந்தால் பாக்கி 4,000-லேயே நிற்கும், தவணை 53.

பட்டம் வாங்கும் நாளில் நிற்கும் பாக்கி, முதல் வருடச் சம்பளத்தைத் தாண்டக் கூடாது என்பது நான் வைக்கும் வரம்பு. 200 நிஜமென்றால் அது 2,400. வட்டியைக் கட்டாமல் விடுவதாக இருந்தால் கடனாக எடுக்கக்கூடியது 1,900-க்குள். மீதிக்கு உதவித்தொகை வேண்டும், அல்லது கட்டணம் குறைந்த கல்லூரி வேண்டும்.

மருத்துவம், சட்டம் போல உரிமம் இல்லாமல் தொழில் செய்ய முடியாத துறை என்றால் படிக்கலாமா என்ற கேள்விக்கே இடமில்லை, எங்கே குறைந்த செலவில் படிக்கலாம் என்பது மட்டுமே கேள்வி.

உங்கள் நிலையில் நான் முதலில் கேட்பது, சேர்க்கையை ஒரு வருடம் தள்ளிவைக்க முடியுமா என்பதை. முடிந்தால் மகள் வேலைக்குப் போகட்டும். வரும் 1,200-இல் பாதியைச் சேமித்தாலும் முதல் வருடக் கட்டணத்தில் 600 கடனில்லாமல் தீரும். பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போவதும் ஒரு செலவுதான், ஆனால் அந்தத் துறை அவருக்குப் பிடிக்குமா என்று தெரியாத நிலையில் அதைக் கொடுக்கலாம். கடனுக்கு நீங்கள் ஜாமீன் கையெழுத்துப் போடுவதாக இருந்தால், மகள் கட்டாத மாதம் அந்த 67 உங்கள் ஓய்வுக்காலச் சேமிப்பிலிருந்துதான் போகும் என்பதையும் இருவரும் உட்கார்ந்து பேசிவிடுங்கள்.