காப்பை அடகு வைத்து ஸ்டோல் எடுக்கலாமா?

கேள்வி: அறிவியல்நகரில் பொறியியல் படித்து முடித்திருக்கிறேன். தம்பி நன்றாகப் படம் வரைவான். முள்ளியவளையிலுள்ள நண்பர் ஒருவர் இசை அமைத்துத் தருகிறார். நாங்கள் மூவரும் இரண்டு வருடமாகக் கணினியில் ஒரு புதிர் விளையாட்டைச் செய்துவருகிறோம். குளத்துத் துருசைத் திறந்து மூடி, வாய்க்காலின் கடைசி வயல் வரைக்கும் தண்ணீரைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்பதுதான் விளையாட்டு. சென்னையில் நடக்கும் கேம் டெவலப்பர் மாநாடு ஒன்றில் இதைக் காட்ட ஆசைப்படுகிறோம். அங்கே ஸ்டோல் (காட்சிக்கூடம்) எடுப்பதற்காகத் தன் காப்புகளை அடகு வைக்கலாம் என்று அம்மா சொல்கிறார். எடுக்கலாமா? எனக்கு ஆங்கிலம் சுமாராகத்தான் வரும், புதியவர்களோடு பேசவும் கூச்சம். எங்கள் யோசனையை யாராவது களவெடுத்துவிடுவார்களோ என்ற பயமும் இருக்கிறது.
– வாசகி, கிளிநொச்சி

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

அம்மாவின் காப்புகள் அம்மாவின் கையிலேயே இருக்கட்டும். முதல் தடவை நீங்கள் ஸ்டோல் எடுக்க வேண்டாம். பார்வையாளர் அனுமதிச் சீட்டோடு, மடிக்கணினியையும் நல்ல ஹெட்ஃபோன் ஒன்றையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள். ஸ்டோலுக்கு இடவாடகை மட்டும்தான் செலவு என்று பலர் கணக்குப் போடுகிறார்கள். திரை, பதாகை, மாநாடு முடியும்வரை மாறி மாறி நிற்பதற்கு ஆட்கள், அவர்களுடைய பயணம், தங்குமிடம், சாப்பாடு என்று அதற்குப் பின்னால் வருவதுதான் பெரிய தொகை. அதைவிட, ஸ்டோலில் நிற்பவருக்கு உரைகளைக் கேட்கவோ மற்றவர்களின் விளையாட்டுகளை விளையாடிப் பார்க்கவோ நேரம் கிடைப்பதில்லை, முதல் தடவை போகிறவருக்கு இவை இரண்டும்தான் அதிகம் பயன்படக்கூடியவை. விளையாட்டுக்கென ஒரு விற்பனைப் பக்கம்கூட இல்லாத நிலையில் ஸ்டோல் எடுப்பது, விதைக்காத வயலுக்குத் துருசு திறப்பதற்குச் சமம்.

ஒரேயொரு விதிவிலக்கு உண்டு. பல மாநாடுகளில் சுயாதீன டெவலப்பர்களின் விளையாட்டுகள் சிலவற்றைத் தெரிவுசெய்து, இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ காட்சிக்கு வைப்பார்கள். அதற்கான விண்ணப்பங்களை மாநாட்டுக்குச் சில மாதங்கள் முன்னதாகவே வாங்கி முடித்துவிடுவார்கள் என்பதால், இப்போதிருந்தே அவர்களுடைய அறிவிப்புகளைக் கவனித்து வாருங்கள். தெரிவானால் தயங்காமல் போய் நில்லுங்கள்.

சென்னையை நீங்கள் தேர்ந்தெடுத்தது சரியான முடிவு. பல ஆண்டுகளாக ஹைதராபாத்தில் நடந்துவந்த இந்திய கேம் டெவலப்பர் மாநாடு 2025 நவம்பரில் சென்னைக்கு வந்தது. அடுத்தடுத்த ஆண்டுகளில் எங்கே நடக்கும் என்பதைப் பயணச் சீட்டு வாங்கும் முன் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். 2024 செப்டெம்பரிலிருந்து இண்டிகோவும் யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்துக்கும் சென்னைக்கும் இடையே பறப்பதால், கட்டுநாயக்காவுக்கு இரவிரவாக பஸ்ஸில் போகவேண்டிய தேவை உங்களுக்கில்லை. அந்தச் சேவையில் ஓடுவது சிறிய ஏடிஆர் விமானம். பெரிய திரைகளையும் பெட்டிகளையும் கொண்டுபோகலாம் என்று நினைக்க வேண்டாம். நவம்பர் இரு கரையிலும் மழைக்காலம் ஆகையால், மாநாடு தொடங்குவதற்கு ஒரு நாள் முன்னதாகவே போய்ச் சேருங்கள். விசா விண்ணப்பத்தில் பயணத்தின் நோக்கத்தை உள்ளபடியே எழுதுங்கள். மாநாட்டுக்காரரிடம் அழைப்புக் கடிதம் ஒன்றைக் கேட்டு வாங்கி, எந்த வகை விசா பொருந்தும் என்பதை யாழ்ப்பாணத்திலுள்ள இந்தியத் துணைத்தூதரகத்தில் விசாரித்த பின் விண்ணப்பிப்பது நல்லது.

ஜெர்மனியின் கொலோன் நகரில் நடக்கும் கேம்ஸ்கொம் கண்காட்சி, சான் பிரான்சிஸ்கோவின் ஜிடிசி என்ற கேம் டெவலப்பர் மாநாடு ஆகியவற்றைப் பற்றி இப்போது யோசிக்க வேண்டாம். ஜிடிசியின் பழைய உரைகளில் ஏராளமானவை இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. அவற்றை வீட்டிலிருந்தே கேளுங்கள். அந்த ஜிடிசியும் 1988இல் சான் ஹோசேயில், கிறிஸ் க்ராஃபோர்ட் என்ற விளையாட்டு வடிவமைப்பாளரின் வீட்டு வரவேற்பறையில் ஒரு சிறு கூட்டமாகத்தான் தொடங்கியது. அப்படியொரு கூட்டத்தைக் கிளிநொச்சியிலும் கூட்டலாம். ஜனவரிக் கடைசியில் உலகின் பல நகரங்களில், குழுக்களாகக் கூடிக் குறுகிய நேரத்தில் விளையாட்டுகளைச் செய்துமுடிக்கும் குளோபல் கேம் ஜாமுக்கு, உங்கள் பழைய பீடத்தையோ வவுனியாப் பல்கலைக்கழகத்தையோ ஒரு தளமாகப் பதிவுசெய்ய முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். மேடையேறி நடுவர்கள் முன் பேசிப் பழக விரும்பினால் யாழ் ஐடி ஹப் நடத்தும் யாழ் கீக் சேலஞ்ச் போட்டி இருக்கிறது.

சென்னைக்குப் போகும் முன் டெமோவை, அதாவது மற்றவர்கள் விளையாடிப் பார்க்கக் கொடுக்கும் மாதிரியை, சரிசெய்ய வேண்டும். உங்கள் நேரத்தில் பாதிக்கு மேல் இதற்கே போகட்டும். இரண்டு வருடம் செய்த வேலை முழுவதையும் காட்ட முயலாதீர்கள். ஏழெட்டு நிமிடத்தில் முடியும் ஒரு பகுதியைத் தனியாக வெட்டியெடுங்கள். இணையம் இல்லாமலே அது ஓடவேண்டும், ஏனென்றால் மண்டபத்து வைஃபையில் ஆயிரம் பேர் தொங்கிக்கொண்டிருப்பார்கள். விளையாடுகிறவர் பாதியில் எழுந்துபோனால், ஒரு நிமிடத்துக்குள் தானாகவே தொடக்கத்துக்குத் திரும்ப வேண்டும். ஒலி கேட்காவிட்டாலும் விளையாட்டு விளங்க வேண்டும். தமிழ் எழுத்துகளைத் தனியாகச் சோதியுங்கள். விளையாட்டுகளை உருவாக்கும் மென்பொருளான யூனிட்டியில், எழுத்துகளைக் காட்டப் பலரும் பயன்படுத்தும் டெக்ஸ்ட்மெஷ்புரோவில், ‘வெள்ளம்’ என்று எழுதினால் கொம்பு ‘வ’வுக்குப் பின்னால் போய் நிற்கும், அதேபோன்ற இன்னொரு மென்பொருளான கோடோ 4இல் எழுத்துகளைக் கோக்கும் வசதி உள்ளேயே இருப்பதால் அந்தத் தொல்லை இல்லை. சென்னையில் உங்கள் திரையைப் பார்ப்பவர்களில் பலர் தமிழ் படிக்கத் தெரிந்தவர்களாக இருப்பார்கள். கொம்பு இடம்மாறி நிற்கும் திரையைக் கண்டதும் மிச்சத்தைப் பற்றியும் ஒரு முடிவுக்கு வந்துவிடுவார்கள்.

டெமோ ஓடத் தொடங்கியதும், பக்கத்து ரியூட்டரியில் படிக்கும் உயர்தர மாணவர்கள் நாலைந்து பேரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, அவர்களுக்குப் பின்னால் வாயை மூடிக்கொண்டு நில்லுங்கள். இது சொல்வதற்குத்தான் எளிது. விளையாடுகிற பிள்ளை துருசின் கைப்பிடியை விட்டுவிட்டுக் குளக்கட்டையே அழுத்திக்கொண்டிருக்கும். தண்ணீர் எங்கோ வழிந்துபோகும். கையை மௌஸிலிருந்து எடுக்காமலே பிள்ளை திரும்பி உங்கள் முகத்தைப் பார்க்கும். ‘அங்கே இல்லை, இங்கே’ என்று சொல்ல உங்கள் நாக்குத் துடிக்கும். சொல்லக்கூடாது. எந்த இடத்தில் திரும்பிப் பார்த்தது, எவ்வளவு நேரம் தடுமாறியது என்பதைக் கொப்பியில் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று பேர் ஒரே இடத்தில் திரும்பிப் பார்த்தால் பிழை அவர்களில் இல்லை, அந்தக் கைப்பிடி வரைந்த விதத்தில் இருக்கிறது. தம்பியிடம் சொல்லி மாற்றுங்கள். முகம் தெரியாத ஒருவர் உங்கள் விளையாட்டைத் தொடுவதை நேரில் பார்ப்பதற்காகவே சென்னைக்குப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியீட்டாளர் அகப்படுவது, பணம் கிடைப்பது எல்லாம் அதற்குப் பிறகு வந்தால் வரட்டும்.

கையில் கொண்டுபோகும் பொருட்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. டெமோவின் பிரதியை இரண்டு பென்டிரைவ்களிலும் தம்பியின் கணினியிலும் வைத்திருங்கள். இங்கே வாங்கிய சார்ஜரின் 13 அம்பியர் சதுர முள் பிளக் அங்குள்ள உருண்டைத் துளைகளில் பெரும்பாலும் போகாது என்பதால் அடாப்டர் ஒன்றைக் கட்டாயம் எடுத்துச் செல்லுங்கள்.

விற்பனைப் பக்கத்தையும் போகும் முன்பே திறந்துவிடுங்கள். கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளத்தில் ஒரு விளையாட்டுக்கு 100 டொலர் கட்டணம்; அந்த விளையாட்டு 1000 டொலர் வருமானத்தை எட்டியதும் அதைத் திருப்பித் தருகிறார்கள். அந்தப் பணத்தைத் தேடுவதில் அர்த்தமிருக்கிறது, ஸ்டோலுக்குத் தேடுவதில் இல்லை. பக்கத்தின் கியூஆர் குறியைத் தடித்த அட்டையில் அச்சிட்டுக்கொண்டால், உங்கள் விளையாட்டுப் பிடித்துப்போனவர் அங்கேயே கைபேசியை நீட்டி விருப்பப் பட்டியலில் சேர்த்துக்கொள்வார். ஸ்டீம் நடத்தும் நெக்ஸ்ட் ஃபெஸ்ட் ஒரு பைசாச் செலவில்லாமல் கலந்துகொள்ளக்கூடிய இணையக் கண்காட்சி. அது ஆண்டுக்கு மூன்று தடவை வந்தாலும் ஒரு விளையாட்டு ஒரே ஒரு தடவைதான் கலந்துகொள்ளலாம். ஆகவே அவசரப்பட்டு அதில் இறங்காமல், சென்னையில் தெரிந்துகொண்ட குறைகளைத் திருத்தியபின் இறங்குங்கள்.

இனி உங்கள் கூச்சத்துக்கு வருகிறேன். மண்டபத்தில் வழியில் போகிறவர்களை மறித்துப் பேசவேண்டும் என்று நீங்கள் கற்பனை செய்து பயப்படுகிறீர்கள் போலிருக்கிறது. அப்படிப் பேசுகிறவர்களை யாருக்கும் பிடிப்பதில்லை. இத்தகைய மாநாடுகளில் சந்திப்புகளை முன்கூட்டியே குறித்துக்கொள்ளும் ஏற்பாடு பொதுவாக இருக்கும்; பல வாரங்களுக்கு முன்பே சிலருக்கு நாலு வரியில் எழுதி நேரம் கேளுங்கள். யாருக்கு எழுதுவது என்பதில்தான் கவனம் வேண்டும். புதிர் விளையாட்டே வெளியிட்டிராத நிறுவனத்துக்கு எழுதுவதால் இரு தரப்புக்கும் நேரம்தான் வீண். உரை நிகழ்த்திய ஒருவரிடம், அந்த உரையிலிருந்தே ஒரு கேள்வியைக் கேட்பது கூச்சமுள்ளவருக்குக் கைகொடுக்கும் வழி. உங்களைப் போலவே ஒதுங்கி நிற்கும் சின்னக் குழுக்களோடு பழகுங்கள். பெரிய நிறுவனங்களில் வாங்கும் விசிட்டிங் கார்டுகளைவிட அந்தப் பழக்கம் நெடுநாள் நிற்கும்.

ஆங்கிலத்துக்காகவும் வெட்கப்பட வேண்டாம். சென்னையில் பாதிப் பேச்சைத் தமிழிலேயே பேசிவிடலாம். வியாபாரப் பேச்சுக்கு மட்டும் ஆங்கிலத்தில் மூன்று வாக்கியங்களைத் தயார்செய்துகொள்ளுங்கள். விளையாடுகிறவர் என்ன செய்கிறார், அதில் எங்கே சிக்கல் வருகிறது, வேலை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்ற மூன்றும் போதும். நீங்கள் எனக்கு எழுதிய ‘துருசைத் திறந்து மூடி, கடைசி வயல் வரைக்கும் தண்ணீர்’ என்பது நல்ல வாக்கியம். கேட்டவுடன் கண்ணுக்குள் படம் விரிகிறது. அதற்கு முன்னால் வன்னியின் வரலாற்றையோ, எத்தனை சிரமங்களுக்கிடையில் இதைச் செய்தீர்கள் என்பதையோ வைக்காதீர்கள். இரணைமடுக் குளத்தைப் பற்றியும் சிறுபோகத்துத் தண்ணீர்ப் பங்கீட்டைப் பற்றியும் அவர்கள் கேட்கும்போது, உங்களைவிட நன்றாக யாரால் சொல்ல முடியும்? கேட்கட்டும், பிறகு சொல்லுங்கள். ‘உங்களுக்கு என்ன தேவை?’ என்று அவர்கள் கேட்பது நிச்சயம். பணமா, விளம்பரமா, வேறு மொழிகளுக்கு மாற்றும் உதவியா என்பதை மூவரும் கூடிப் பேசி, ஒரு தொகையோடு சொல்லும் அளவுக்குத் தெளிவாகிக்கொள்ளுங்கள்.

களவைப் பற்றிய பயம் இயல்பானதுதான், ஆனாலும் தேவையற்றது. அங்கே வருகிறவர் ஒவ்வொருவரின் தலையிலும் முடிக்க நேரமில்லாத சொந்த யோசனைகள் நிறைந்திருக்கின்றன. இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் வெறும் யோசனையைப் பாதுகாப்பதில்லை. எழுதிய நிரலையும் வரைந்த படத்தையும் அமைத்த இசையையும் பதிவு எதுவுமின்றியே பாதுகாக்கிறது. முதல் சந்திப்பிலேயே இரகசிய ஒப்பந்தத்தை நீட்டினால் பெரும்பாலான வெளியீட்டாளர்கள் எழுந்துபோய்விடுவார்கள். ஓடும் டெமோவைக் கொடுங்கள், மூலநிரலை மட்டும் கொடுக்காதீர்கள். நீங்கள் உண்மையில் பயப்படவேண்டிய இடம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. முள்ளியவளை நண்பரின் இசை யாருக்குச் சொந்தம்? விளையாட்டு விற்றால் அவருக்கு எத்தனை பங்கு? இதை எழுதிக் கையெழுத்திட்டு வைத்திருக்கிறீர்களா? தம்பியோடும் அப்படியே. எல்லாவற்றுக்கும் உரிமை உங்களிடம் இருக்கிறதா என்பது எந்த வெளியீட்டாளரும் ஒப்பந்தத்துக்கு முன் கேட்கும் கேள்வி. நட்பு நன்றாக இருக்கும்போது எழுதிக்கொள்வதுதான் சுலபம்.

வெளியிட்டுத் தருகிறேன் என்று சொல்லி உங்களிடமே பணம் கேட்கிறவர் வெளியீட்டாளர் அல்லர், விலகிவிடுங்கள். மாநாடு முடிந்ததும் இலவச ஸ்டீம் கீகளை (விளையாட்டைப் பெற உதவும் குறியீடுகளை) கேட்டு முன்பின் தெரியாதவர்களிடமிருந்து மடல்கள் வரும். அவற்றில் பெரும்பாலானவை வாங்கி விற்கிற கூட்டத்தின் வேலை. இரவு விருந்துகளுக்குப் போகாவிட்டால் வாய்ப்புப் போய்விடும் என்று சொல்வோரை நம்ப வேண்டாம். குடியும் சத்தமுமாக இருக்கும் இடத்தில் யாரும் டெமோ பார்ப்பதில்லை. போக மனமிருந்தால் தம்பியோடு போய் நேரத்தோடு திரும்புங்கள்; இல்லையேல் நேரத்தோடு தூங்கி எழுந்து, காலைத் தேநீர் வேளையில் ஆட்களைப் பிடியுங்கள்.

யாரையேனும் சந்தித்தால், அவர் அப்பால் போனவுடனேயே எதைப் பற்றிப் பேசினீர்கள் என்பதை அவருடைய கார்டின் பின்பக்கத்தில் எழுதுங்கள். ஊர் திரும்பி ஒரு வாரத்துக்குள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக மடல் அனுப்புங்கள். எங்கே சந்தித்தோம் என்பதை முதல் வரியில் நினைவூட்டி, டெமோவின் இணைப்பைக் கொடுத்து, அவர் பதில் சொல்லக்கூடிய ஒரு கேள்வியோடு முடியுங்கள். பதில் வராவிட்டால் மூன்று வாரம் கழித்து ஒரு தடவை எழுதலாம். அதற்கும் பதில் இல்லையென்றால் அவரை விட்டுவிட்டு அடுத்த கார்டை எடுங்கள்.