வெள்ளைக் கோடு போட்ட பாதைக்காரர்கள்

அன்புள்ள சார்,

வணக்கம். மகன் வீட்டுக்கு வர்ஜீனியா வந்திருக்கிறேன். போன சனிக்கிழமை ஷெனண்டோவா தேசியப் பூங்காவுக்குக் கூட்டிப்போனான். அப்பலாச்சியன் மலைப்பாதை அதற்குள் போகிறது. மரங்களில் அடையாளத்துக்கு வெள்ளைக் கோடு போட்டிருந்தது. ஓரிடத்தில் என் வயதுக்காரர்கள் நாலைந்து பேர் தலைக்கவசத்தோடு மண்ணை வெட்டிக்கொண்டிருந்தார்கள். பூங்கா ஊழியர்கள் என்று நினைத்தேன். சம்பளம் வாங்காதவர்கள் என்று மகன் விசாரித்துச் சொன்னான். நான் நெடுஞ்சாலைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். இத்தனை நீளப் பாதையைச் சும்மா வந்து பராமரிக்கிறார்கள் என்பது பிடிபடவில்லை. யார் சார் இவர்கள்?

— ஒரு வாசகர்

அன்புள்ள ஐயா,

நீங்கள் பார்த்தது பெரும்பாலும் பொடோமாக் அப்பலாச்சியன் டிரெயில் கிளப்காரர்களாக இருக்கும். 1927இல் தொடங்கிய சங்கம். பென்சில்வேனியாவின் தெற்கிலிருந்து ஷெனண்டோவாவின் தென்கோடி வரை சுமார் 240 மைல் அவர்கள் பொறுப்பு. மொத்தப் பாதை ஜார்ஜியாவிலிருந்து மெய்ன் வரை, 14 மாநிலங்களில், ஏறத்தாழ 2,190 மைல். சுமார் 30 சங்கங்கள் அதைப் பங்கு பிரித்து வைத்திருக்கின்றன. சங்கத்துக்குள் மைல் கணக்கில் துண்டு போட்டு, ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் ஓவர்சியர். எல்லோரையும் சேர்த்துப் பிடித்திருப்பது அப்பலாச்சியன் டிரெயில் கன்சர்வன்சி, 1925 மார்ச்சில் வாஷிங்டனில் பிறந்த அமைப்பு.

இந்தப் பாதையைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் இதை முதலில் முன்மொழிந்த பென்டன் மெக்காயிடம்தான் தொடங்குவார்கள். நியாயம்தான். 1921 ஏப்ரலில் அவர் மனைவி தற்கொலை செய்துகொண்டார். அந்தத் துயரத்தில் இருந்தவரை நண்பர் ஒருவர் நியூஜெர்சி பக்கம் அழைத்துப்போனார். அங்கே உருவான திட்டம் அக்டோபரில் கட்டடக் கலைஞர்களின் பத்திரிகையில் கட்டுரையாக வந்தது. அவர் கேட்டது வெறும் ஒற்றையடிப் பாதை அல்ல. நகரத்து ஆலைகளில் மூச்சுமுட்டும் மக்களுக்காக மலை நெடுக முகாம்களும் பண்ணைகளும் வேண்டும் என்றார். பெரிய மனசு.

ஆனால் நான் கையெடுத்துக் கும்பிடுவது மைரன் ஏவரியை. மெய்ன் மாநிலத்துக்காரர், கப்பல் வழக்குகள் பார்த்த வக்கீல். பொடோமாக் சங்கத்தின் முதல் தலைவரும் அவர்தான். 1931 முதல் 1952 வரை மொத்த அமைப்பையும் அவரே தலைமை தாங்கி நடத்தினார். பழைய படங்களில் எப்போதும் ஒரு சைக்கிள் சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு நிற்பார். பாதையை அளக்கும் கருவி அது. வழித்துணைப் புத்தகம், அறிவிப்புப் பலகை, கடிதம் என்று ஓயாமல் வேலை பார்த்தார். 1936க்குள் முழுப் பாதையையும் பகுதி பகுதியாக நடந்து முடித்தார். 1937 ஆகஸ்ட் 14 அன்று மெய்னில் கடைசித் துண்டும் திறந்தது.

அவருக்கும் மெக்காய்க்கும் சண்டை மூண்டது நீங்கள் போன அதே ஷெனண்டோவாவால்தான். நீங்கள் காரில் போயிருப்பீர்களே, ஸ்கைலைன் டிரைவ், அந்தச் சாலையைப் பாதை போன மலைமுகட்டிலேயே போட்டார்கள். முகட்டில் கார் ஓடினால் காடு ஏது என்றார் மெக்காய். சாலை வரட்டும், பாதையைத் தள்ளிப் போட்டு வேலையை முடிப்போம் என்றார் ஏவரி. 1935 வாக்கில் உறவு முறிந்தது. கொள்கையில் மெக்காய் சொன்னது சரி என்றே இன்றும் நினைக்கிறேன். இருந்தும் ஏவரி விட்டுக்கொடுக்காமல் இருந்திருந்தால் நீங்கள் நடக்க அங்கே பாதை இருந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம். முன்கோபக்காரர், பலரைப் புண்படுத்தியவர். பொறுப்பை விட்ட 1952லேயே இறந்துபோனார். வயது 52.

சரி, நீங்கள் பார்த்த மண்வெட்டு வேலைக்கு வருகிறேன். சாலைக்கு எதிரி தண்ணீர் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மலைப்பாதையில் மழைநீர் நடக்கிறவன் போகும் தடத்திலேயே ஓடும். விட்டால் அந்தத் தடம் ஓடையாகிவிடும். அதனால் பாதைக்குக் குறுக்கே கொஞ்சம் சாய்வாகக் கற்களைப் பதித்து, வயலில் மடை திருப்புகிற மாதிரி, தண்ணீரைச் சரிவுப் பக்கம் திருப்பிவிடுவார்கள். இலையுதிர் காலம் முடிந்தால் சருகும் சேறும் அங்கே அடைத்துக்கொள்ளும். அடுத்த மழைத் தண்ணீர் கல்லைத் தாண்டி மறுபடி தடத்தில் இறங்கும். ஆகவே அள்ளிப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். விழுந்த மரங்களை அறுப்பதும் உண்டு. வனச் சட்டம் மோட்டார் ரம்பத்தைத் தடுக்கும் பகுதிகளில் இரண்டு பேர் இழுக்கும் நீள ரம்பம்தான். 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் தெற்குப் பகுதியைப் புரட்டிப் போட்டபோது இந்த வேலை மாதக்கணக்கில் போனது.

எப்படி நீடிக்கிறது என்றால், துண்டு சின்னதாக இருப்பதுதான் காரணம் என்பேன். 2,190 மைலைக் காப்பாற்று என்றால் யாரும் வரமாட்டார்கள். இந்த ஒரு மைல் உன்னுடையது என்றால் இருபது வருடம் வருவார்கள். அரசும் இதைப் புரிந்துகொண்டது. 1968இல் சட்டம் போட்டு இதைத் தேசியப் பாதையாக்கிய பிறகும், 1984இல் அன்றாட நிர்வாகத்தைப் பூங்காத் துறை கன்சர்வன்சி அமைப்பின் கையிலேயே கொடுத்தது. துறையில் இருந்தவர் நீங்கள், அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

அமைப்பின் தலைமை அலுவலகம் மேற்கு வர்ஜீனியாவின் ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரியில் இருக்கிறது. பாதை அந்த ஊருக்குள்ளேயே போகிறது, ஒருமுறை போய்ப் பாருங்கள். அப்புறம், மகனுக்கு விருப்பமிருந்தால் சங்கத்தின் வேலை நாட்களில் சேரலாம். அனுபவம் தேவையில்லை, கருவிகளை அவர்களே தருவார்கள். கனமான பூட்ஸும் மதியச் சாப்பாடும் கொண்டுபோனால் போதும்.

அன்புடன்.